சாக்கில் தைத்த கிளிகள்

கிளி வளர்க்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. பெரியவர்களுக்கு வெந்நீர் வைக்கக்கூட நேரமில்லை என்று அலுத்துக்கொள்வார்கள். ஆனால் கிளிக்கு மட்டும் கொய்யாப்பழத்தை விதை எடுத்து நறுக்கிக்கொண்டிருப்பார்கள். இப்படி வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்த நானே ஒரு சித்திரை மாதம் இரண்டு கிளிகளைப் போடியிலிருந்து திருச்சிவரைக்கும் பஸ்ஸில் கொண்டுபோக வேண்டியதாயிற்று. யாரையும் ரொம்பக் கேலி பேசக்கூடாது.

எனக்கு ஊர் ராசிங்காபுரம். படித்துவிட்டுத் திருச்சியில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். மனைவி போடிக்காரி. மாமனாருக்கு ஏலக்காய் வியாபாரம். கீழே போடியில் கடை, மலைமேல் தோட்டம், தோட்டத்திலேயே காய் உலர்த்துகிற ஸ்டோர், அதற்குப் பக்கத்தில் ஒரு வீடு. பிரசவத்துக்குப் போன என் மனைவிக்குப் பிறந்த குழந்தை பதினோரு நாள்தான் தங்கியது. அதற்குப் பிறகு அவள் யாரோடும் பேசவில்லை. கேட்டதற்குத் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். வெயிலும் சனங்களும் இல்லாத இடத்தில் இருந்தால் தேறுவாள் என்று மலைத் தோட்டத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள்.

அங்கே பட்டுப்போன ஒரு மரத்தை வெட்டும்போது பொந்துக்குள் இரண்டு கிளிக்குஞ்சுகள் கிடைத்தன. மலையாளம் பேசுகிற ஒரு வேலைக்காரப் பெண் அவற்றை மடியில் போட்டுக்கொண்டுவந்து, “தத்தக்குஞ்ஞாணு சேச்சி, வளர்த்திக்கோ” என்று, கிளிக்குஞ்சை வளர்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். இறகுகூட முளைக்காத பிண்டங்கள். என் மனைவி பொட்டுக்கடலையை மாவாக்கிக் குழைத்து விரல் நுனியில் ஊட்டினாள். அவை பிழைத்தன. அவளுக்கும் பேச்சு வந்தது, ஆனால் கிளிகளிடம் மட்டும்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான் மலையேறிப் போவேன். அவள் என்னிடம் ஒன்றும் சொல்லமாட்டாள். கூண்டைப் பார்த்து, “வந்திருக்காக, பாருங்க” என்பாள். நான் அந்த இரண்டு ஜென்மங்களுக்கும் பிறகுதான் அந்த வீட்டில்.

எட்டு மாதம் ஆனது. நான் ஓட்டல் சோறு தின்று, பூட்டிய வீட்டைத் திறந்து, யாருமில்லாத அறையில் படுத்து எழுந்துகொண்டிருந்தேன். அவள் வரவேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்று இருந்தது. அந்தச் சித்திரையில் போய்க் கூப்பிட்டபோது அவள் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“ரெண்டும் வந்தா நானும் வர்றேன். இல்லேன்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்க.”

சரி என்றேன். கழுதையைக் கொண்டுவா என்றாலும் சரி என்றிருப்பேன்.

அவள் அதற்கு முன்பே எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஒரு மாதமாகத் தோட்டத்து ஜீப்பில் கூண்டை வைத்து, தினமும் கொஞ்ச தூரம் போய்வரச் சொல்லி, ஆட்டத்துக்கும் சத்தத்துக்கும் அவற்றைப் பழக்கியிருக்கிறாள். கூண்டுக்குள் ஆடிக்கொண்டிருந்த குச்சியை எடுத்துவிட்டு, அடியிலேயே அசையாமல் ஒரு குச்சியைக் கட்டியிருந்தாள். தண்ணீர்க் கிண்ணம் பஸ்ஸில் கொட்டிப்போகும் என்பதால் வெள்ளரிப் பிஞ்சு நறுக்கி வைத்தாள். பளிச்சென்று வெளிச்சம் பட்டால் மிரளும், முழு இருட்டானாலும் மிரளும் என்று பழைய நூல் சேலையைக் கிழித்து மெல்லிய திரை தைத்தாள். முதல் பஸ்ஸில் கிளம்ப வேண்டும், கூண்டு தன் மடியில் இருக்க வேண்டும், நிற்கிற இடத்திலெல்லாம் திரையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஞாபகமில்லை. கவனிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஜீப்பில் மலையிறங்கி போடிக் கடைக்கு வந்து சேர்ந்தோம். கிளிகள் சத்தமே போடாமல், ஜீப்பில் பிறந்து வளர்ந்தவை மாதிரி வந்தன. உண்மையில் வழியெல்லாம் வாந்தி எடுத்தது நான்தான்.

தொல்லை கடையில் ஆரம்பித்தது. என் மாமனார் நல்ல மனிதர். அதுதான் கஷ்டமே, கெட்ட மனிதராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவருக்கு மகள் மேல் உயிர். அவள் உயிர் அந்தக் கிளிகள் மேல் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே கிளிகளைப் பத்திரமாக அனுப்ப வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். பத்திரமாக அனுப்புவது என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஏலக்காய்க்குக் காற்றுப் பட்டால் வாசனை போய்விடும், வெளிச்சம் பட்டால் பச்சை வெளுத்துவிடும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். அதனால் உள்ளே ஒரு துணி, வெளியே இரட்டைச் சாக்கு, வாயை நெருக்கித் தையல். இப்படித்தான் அவர் காலமெல்லாம் சரக்கு அனுப்பினார்.

என் மனைவி கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் அவள் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போயிருந்தாள். பெண்கள் விடைபெறுவது என்றால் அது ஒரு பஸ் போய் அடுத்த பஸ் வருகிற நேரம். அதற்குள் மாமனார் கடை ஆளைக் கூப்பிட்டார்.

“சாக்கு ஊசியக் கொண்டா. வெரசா. நல்ல சாக்காப் பாத்து ரெண்டு எடு.”

கூண்டு சாக்குக்குள் போயிற்று. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனார் ஒன்றும் விவரமில்லாதவர் அல்லர். மூச்சு விட வேண்டும் என்று இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குச் சாக்கை வெட்டிவிட்டார். கடை ஆள் பழக்க தோஷத்தில் சாக்கின் மேல் கடை மார்க்கையும் மையால் குத்தினான். அதைப் பார்த்து நான் சிரித்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

“கீழ அடிக்கிறது நெருப்புக் காத்து மாப்ளே. மலைக் கிளி தாங்காது. இப்படிப் போனா வெயிலும் அண்டாது, புழுதியும் அண்டாது. என்ன சொல்றீக?”

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துச் சம்பிரதாயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாமனார் சொன்னதை மாப்பிள்ளை மறுக்கமாட்டான். மாப்பிள்ளை சொன்னதை மாமனார் மறுக்கமாட்டார். ஒருவர் இலையில் உப்பைக் கொட்டினாலும் அடுத்தவர் ருசியாக இருக்கிறது என்றுதான் சொல்லுவார். இருவரும் மாறி மாறி மரியாதை செய்து நாசமாய்ப் போவதற்கு ஏற்ற ஏற்பாடு.

“நீங்க சொன்னாச் சரிதான் மாமா” என்றேன்.

கடைக்கு எதிரே வந்து நின்ற பஸ் நிறைந்திருந்தது. அப்போது போடிக்கு ரயில் இல்லை. யுத்தகாலத்தில் கழற்றிக்கொண்டுபோன தண்டவாளம் திரும்ப வந்து சேராததால், சனம் முழுவதும் பஸ்ஸின் கழுத்தில்தான் தொங்கியது. கண்டக்டர் சாக்கைப் பார்த்தார், மார்க்கைப் பார்த்தார், “லோடு மேல” என்றார்.

“உள்ள கிளி இருக்குங்க” என்றேன்.

“கிளியா இருந்தா என்ன, குதிரையா இருந்தா என்ன. சாக்குன்னா மேலதாண்ணே.”

மாமனார் என்னைப் பார்த்தார். “உள்ள வச்சா ஆளுக மிதிச்சிருவாக. மேலயே போகட்டுமா மாப்ளே? ஒங்களுக்கும் மடியில தூக்கி வச்சிருக்கிற சோலி இல்ல.”

“மேலயே போகட்டும் மாமா.”

என் மனைவி வந்து சேர்ந்தபோது சாக்கு பஸ் கூரைமேல் ஏறிக்கொண்டிருந்தது. அவள் முகம் மாறியது.

“அப்பா, மூச்சு முட்டிரும்ப்பா.”

“எத்தன லோடு அனுப்பியிருக்கேன் ஆத்தா. ஒரு காய் கெட்டிருக்கா? கண்ணுல தண்ணி விடாம ஏறு.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பஸ் சக்கரத்தைப் பார்த்தேன். அந்தச் சக்கரத்தில் எத்தனை ஆணி என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவேன்.

அவளுக்கு முன்னால் பெண்கள் சீட்டில் இடம். எனக்குப் பின்னால். பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் மேலே கிளி போகிறது என்பது தேனி தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கிளிக்கு மிளகாய் கொடுத்தால் மயக்கம் வராது என்றார் ஒருவர். வாழைப்பழத்தில் ஒரு பொட்டு அபின் வைத்தால் திருச்சி வரைக்கும் தூங்கும் என்றார் இன்னொருவர். அவர் மச்சினர் இப்படித்தான் ஒரு குரங்கைக் கொண்டுபோனாராம். குரங்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அது தெரியாது என்றார். தேவாரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், யானை வந்து கரும்பை மிதிக்கிற கதையை ஆரம்பித்துக் கிளிக்கு வந்து சேரவே இல்லை. இத்தனை பேர் யோசனை சொன்னார்களே, பஸ்ஸை நிறுத்தி ஏறிப் பார் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. சன்னல் கம்பி தொட்டால் சுட்டது. மேலே கூரைத் தகரம் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, இரட்டைச் சாக்கு இருக்கிறதே என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

ஆண்டிபட்டிக் கணவாயில் எஞ்சின் கொதித்து பஸ் நின்றது. கண்டக்டர் தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். எல்லோரும் இறங்கினார்கள். என் மனைவி நேரே என்னிடம் வந்தாள்.

“மேல ஏறிப் பாருங்க.”

பின்புற ஏணியில் ஏறினேன். புழுதி படக்கூடாது என்று மொத்த லோடின் மேலும் ஒரு தார்ப்பாயை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். எங்கள் சாக்கு நடுவில். இந்தப் பக்கம் ஒரு மூட்டை, அந்தப் பக்கம் ஒரு மூட்டை. மாமனார் வெட்டிவிட்ட இரண்டு ஓட்டைகளும் அடைபட்டிருந்தன. தொட்டால் அடுப்பில் கை வைத்த மாதிரி இருந்தது. தையலைப் பிரிக்கக் கத்தி இல்லை. பல்லால் கடித்தேன். ஏலக்காய் மூட்டைக்கு நல்ல தையல் போடத் தெரிந்த ஊர் அது. வாயில் ரத்தம் வந்ததே தவிர நூல் வரவில்லை. கீழே இருந்து, “நூலப் புடிச்சு இழுங்க”, “முடிச்சு வலப்பக்கம் இருக்கும்” என்று ஆளாளுக்கு நாட்டாமை. ஒருவழியாகப் பிரித்தேன்.

பெண் கிளி அலகைப் பிளந்துகொண்டு மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. தலை கொஞ்சம் பெருத்த ஆண் கிளி அடியில் சரிந்து கிடந்தது. கையில் எடுத்தேன். சூடாக இருந்தது, ஆனால் தலை நிற்கவில்லை. ஊதிப் பார்த்தேன். வெள்ளரித் துண்டை அலகில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

கீழே அவள் முந்தானையை நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். ஏற்கனவே ஒன்றைப் பறிகொடுத்தவள். இதையும் அவள் கையில் கொடுத்தால் அடுத்த பஸ்ஸில் மலைக்குத் திரும்பிவிடுவாள், மறுபடி யாரிடமும் பேசமாட்டாள் என்று பயந்தேன். ஆண் கிளியைச் சாக்குக்குள் தள்ளிச் சுருட்டி அங்கேயே வைத்துவிட்டுக் கூண்டை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

“இன்னொண்ணு?”

“சாக்கப் பிரிச்சேன். சட்டுனு பறந்துருச்சு.”

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். “எந்தப் பக்கம்?”

மேற்கே மலை இருந்த பக்கம் கையைக் காட்டினேன்.

“நான் பாக்கலையே” என்றார் அபின்காரர். அவர் கழுத்தை நெரிக்கலாம் போல் இருந்தது. நல்லவேளையாக தேவாரத்துப் பெரியவர், “எனக்குத் தெரிஞ்சுச்சே, பச்சையா வெரசாப் போச்சு” என்று அடித்துச் சொன்னார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதைப் பஸ் ஏறும்போதே கவனித்திருந்தேன்.

அவள் கூண்டை மர நிழலுக்கு எடுத்துப் போனாள். துணியை நனைத்துக் கூண்டைச் சுற்றினாள். விரலைத் தண்ணீரில் நனைத்து நனைத்துச் சொட்டுச் சொட்டாக அலகில் வைத்தாள். பஸ் கிளம்புவதற்குள் அந்தக் கிளி குச்சியில் ஏறி உட்கார்ந்தது. பிறகு திருச்சிவரை கூண்டு அவள் மடியை விட்டு இறங்கவில்லை. கண்டக்டர் ஏதோ சொல்ல வந்தார். அவளைப் பார்த்துவிட்டுச் சும்மா போய்விட்டார்.

மதுரையில் இறங்கியதும் யாருக்கும் தெரியாமல் மேலே ஏறிச் சாக்கை எடுத்து எங்காவது புதைத்துவிடலாம் என்று இருந்தேன். அவளைத் திருச்சி பஸ்ஸில் உட்காரவைத்துவிட்டு வந்து பார்த்தால், வந்த பஸ் போடிக்கே திரும்பிப் போய்விட்டிருந்தது. கடை மார்க் போட்ட வெறும் சாக்குகள் வந்த பஸ்ஸிலேயே கடைக்குத் திரும்பிப் போவது அங்கே வழக்கமாம். பக்கத்துப் பஸ் கண்டக்டர் பெருமையாகச் சொன்னார். ஒரு சாக்குகூடத் தவறியதில்லையாம்.

திருச்சி வீட்டில் அவள் அடுப்பு மூட்டினாள், கோலம் போட்டாள், பேசினாள். அளவாகத்தான் பேசினாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. நான்காம் நாள் அப்பாவுக்குக் கடிதம் எழுதித் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தாள். ஆண் கிளி மலைப் பக்கம் பறந்துவிட்டதாம், தோட்டத்துக்கு வந்தால் எழுத வேண்டுமாம். கிழித்துப் போட்டுவிடலாமா என்று தபால் பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். மாமனார் சாக்கைப் பிரித்திருப்பார். உண்மையை எழுதிவிடுவார். என் மானம் போவது இருக்கட்டும், அவள் என்ன ஆவாள்? கடிதத்தைப் போடாவிட்டாலும் ஆபத்து, போட்டாலும் ஆபத்து. போட்டேன்.

பத்து நாளில் பதில் வந்தது. அவளே உரக்கப் படித்தாள்.

“சிரஞ்சீவி மகளுக்கு ஆசீர்வாதம். இங்கு யாவரும் சுகம். மாப்பிள்ளை அவர்கள் தேக சௌக்கியத்துக்கு எழுதவும். நீ எழுதிய கிளி தோட்டத்துக்கு வந்துவிட்டது. காலையில் ஸ்டோர் கூரையில் வந்து உட்காருகிறது. சோறு வைத்தால் தின்கிறது. கவலை வேண்டாம்.”

செத்த கிளியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை சொன்ன பொய்யை மறுக்கக்கூடாது என்று இந்த மனிதர் சோறு வேறு வைக்கிறார்! அதோடு விட்டாரா? மாசத்துக்கு ஒரு கடிதம். கிளி கொழுத்துவிட்டது. கிளிக்கு ஜோடி கிடைத்தது. மழைக்கு ஸ்டோருக்குள்ளேயே வந்துவிடுகிறது. இவளும் விடாமல் கேள்வி எழுதுவாள்: கொய்யா தின்கிறதா, கால் விரல் புண் ஆறியதா? ஆறிவிட்டது என்று பதில் வரும். ஒவ்வொரு கடிதத்தையும் அவள் முகம் மாறாமல் படிக்க, நான் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருப்பேன். இருந்தாலும் அவள் ஆறுதலாக இருக்கிறாள் என்று நினைத்தேன். பொய் சொன்னதுகூட நல்லதாகத்தான் போயிற்று என்று ஒரு திமிரும் வந்தது.

மறு சித்திரையில் ஊருக்குக் கிளம்பினோம். இந்த முறை அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மெல்லிய திரை, வெள்ளரிப் பிஞ்சு, முதல் பஸ், கூண்டு மடியில். பெண் கிளி ஒரு குறையும் இல்லாமல் போடி வந்து, ஜீப்பில் தோட்டமும் ஏறியது. வழியெல்லாம் மாமனாரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஸ்டோர் முன்னால் ஜீப் நின்றது. தகரக் கூரைமேல் காட்டுக் கிளிகள் நாலைந்து கத்திக்கொண்டிருந்தன.

மாமனார் தொண்டையைச் செருமினார். “அந்தா, ஓரத்துல ஒக்காந்திருக்கு பாரு ஆத்தா. அதான்.”

“ஆமா, அதேதான். எனக்கு நல்லாத் தெரியுது” என்றேன்.

அவள் கூரையைப் பார்க்கவே இல்லை.

“அது பறந்திருக்க முடியாதுப்பா. கெளம்புறதுக்கு ஒரு வாரம் முந்தி நாந்தான் ரெண்டுக்கும் எறக வெட்டினேன். வழியில பயந்து பறந்து காணாமப் போயிரக் கூடாதுன்னு.”

கணவாயில் அந்தக் கிளியை என் கையில் வைத்திருந்தேன். அதன் இறகு வெட்டியிருந்தது எனக்குத் தெரியவில்லை.

“வெட்டினியா? நீ சொல்லவே இல்லையே” என்றேன்.

“யாரு கேட்டீக?”

மாமனார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “மாப்ளே கூண்ட மடியில வைக்கக் கூச்சப்படுறாருன்னு நெனச்சுத்தான் ஆத்தா சாக்குல தச்சேன்” என்றார். எனக்கு அப்படி ஒரு கூச்சமும் இருந்ததில்லை. அவர் மனம் நோகுமே என்றுதான் நான் சரி என்றேன். இரண்டு பேருக்கும் வேண்டாத ஒரு காரியத்தை இரண்டு பேரும் மரியாதையாகச் செய்து முடித்திருக்கிறோம்.

“எங்க பொதச்சீங்கப்பா?”

ஸ்டோருக்குப் பின்னால் ஒரு பலாமரத்தடிக்கு அவர் கூட்டிக்கொண்டு போனார். ஒரு தட்டைக் கல் வைத்திருந்தார். அவள் கூண்டை என்னிடம் கொடுத்துவிட்டு அந்தக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தாள். குழந்தை போனபோது எங்கள் யார் முன்னாலும் அழாதவள், வாய்விட்டு அழுதாள். ஒரு வருஷம் எங்கள் இருவர் மானத்தையும் காப்பாற்றிக்கொண்டு, தனியாக இந்தத் துக்கத்தைச் சுமந்திருக்கிறாள். அவள் ஆறுதலாக இருக்கிறாள் என்று நினைத்த என்னை எதால் அடிப்பது?

பக்கத்தில், மர நிழல் விழாத பக்கமாகப் போய் நின்றேன். தோளைத் தொடலாமா, தூக்கிவிடலாமா, தண்ணீர் கொண்டுவரலாமா, ஒன்றும் தெரியவில்லை. “நான் என்ன செய்யணும், சொல்லு” என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“வெயில்ல நிக்கிறீக. கூண்ட நெழல்ல வைங்க.”

வைத்தேன்.